நெய்தலின் இரங்கலும் மன்னார் முத்துக்குளிப்பும்

தொல்காப்பிய மரபில் நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். காதலுள் இழப்பச்சம் உறைவதை மனித மனத்தின் என்றுமுள்ள இயல்பாக மட்டும் கொள்வோர், அவ்விரங்கல் கடற்புலத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதைக் காண்பதில்லை.

பிற்காலச் சான்றொன்று இதனைத் தெளிவாக்கும். மன்னார்க் கரையில், மரிச்சுக்கட்டியில் 1905இல் நடைபெற்ற முத்துக்குளிப்பிலே சிப்பிகளின் மூன்றில் இரு பங்கு குடியேற்ற அரசுக்குரியது, எஞ்சியதே குளிப்போர்க்கு. உயிராபத்தோ முழுவதும் அவர்களுக்கே. சுறாவைக் கட்டும் ‘கடற்கட்டி’யின் மந்திரமின்றிக் குளிப்போர் கடலிறங்கத் தயங்கியமை அவ்வச்சத்தின் பண்பாட்டு வடிவமாகும். 1906இல் முத்துப்பார்களே இலண்டன் கம்பனியொன்றுக்குக் குத்தகையாயின.

இதனாற் காதல் பொருளாதாரத்தின் வெறும் நிழலென்று கொள்ளற்க. எல்லார்க்கும் பொதுவான இழப்பச்சத்தைச் சிலர்க்கு மட்டும் அன்றாடமாக்குவது உற்பத்தியுறவே. நெய்தலை ஆராய்வோர், காத்திருப்பவளின் கண்ணீரோடு கடலிறங்கியவனின் பங்கையும் கணக்கிடல் வேண்டும்.