பாலம் வரை வந்தவர்கள்

வியன்னாவுக்கு அரண்மனைகளைப் பார்க்கப் போவதுபோல, ஊவாவுக்கும் கட்டடம் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். எல்லவில் இறங்கினால் தெமோதரைப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலம். இரும்புச் சட்டம் இல்லாமல் கல், செங்கல், சீமெந்தாலேயே சுமார் 24 மீற்றர் உயரத்துக்கு எழுப்பி, 1921இல் முடித்தார்கள். அப்புத்தளையில் சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிசம் மாளிகை. இப்போது துறவிகளின் மடம். பார்க்கப் போகிறவர்கள் அங்கே விற்கும் ஜாம் போத்தலையும் மறக்காமல் வாங்கி வருகிறார்கள்.

இந்தப் பயணங்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் ஆட்கள் வருவதால்தான் ஆட்டோக்காரருக்கும் இளநீர்க் கடைக்கும் பிழைப்பு நடக்கிறது. பாலத்துக்கும் மதிப்பு ஏறியிருக்கிறது.

கோளாறு, எது கட்டடம் என்று தீர்மானிப்பதில் இருக்கிறது.

துரை பங்களா கட்டடக்கலை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வெறும் லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, குடும்பம் பெருகப் பெருக அதையும் தகரத்தால் அடைத்து இன்னொரு அறை. பசறைத் தோட்டங்களில் இது யாருக்கும் புதிதல்ல. எந்தச் சரிவில் எதை வைப்பது என்பதும் கட்டடக்கலைதான். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியபோது அது தெரிந்தது.

அடிசம் எழும்பிய அதே காலத்தில், 1927க்கும் 1930க்கும் இடையில், வியன்னா நகரசபை தொழிலாளருக்காக கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பைக் கட்டியது. ஒரு கிலோமீற்றருக்கும் மேல் நீளம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், சலவைக்கூடம், குளியலறைகள், நூலகம். அரண்மனை பார்க்க வந்தவர்கள் அதையும் போய்ப் பார்க்கிறார்கள். உள்ளே இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கண்காட்சி வைத்திருப்பது பழைய சலவைக்கூடம் ஒன்றில்.

அப்படியானால் லயத்துக்கும் கமராவோடு கூட்டம் போகட்டுமா? கூடாது. அடுத்தவர் இஸ்தோப்பில் நின்று அவர் வறுமையைப் படமெடுப்பதற்குக் கலாரசனை என்று பெயர் வைக்க முடியாது. இருக்கிற வீட்டுக்கு உறுதி இல்லாதவர், வருகிறவரை வாசலில் மறிக்கவும் தயங்குவார்.

கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் வேறு வழியைக் கண்டிருக்கிறார்கள். பழைய லயம் ஒன்றையே 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கினார்கள். அங்கே யாருடைய சமையலும் கெடுவதில்லை. காம்பராவின் அளவை உள்ளே நின்றே உணரலாம். பதுளை மாவட்டச் சுற்றுலாத் திட்டங்களில் பாலத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு லயத்துக்கும் இடம் ஒதுக்கலாம். விளக்கம் சொல்லும் வேலை அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே கிடைக்க வேண்டும்.