பாட்டில் இல்லாத நாலாவது ஆள்

1959 பிப்ரவரி 3. அயோவாவின் கிளியர் லேக் அருகே ஒரு பீச்கிராஃப்ட் பொனான்ஸா பனிவயலில் விழுந்தது. பட்டி ஹாலி உட்பட மூன்று இசைக்கலைஞர்களும் விமானியும் இறந்தார்கள். டான் மெக்லீனின் 'அமெரிக்கன் பை' (1971) அந்த இழப்பைப் புராணமாக்கியது. 21 வயது விமானி ரோஜர் பீட்டர்சன் அதில் வரவே மாட்டார்.

விசாரணை அறிக்கையில் வருகிறார், குற்றவாளியாக. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி இல்லாமல் கிளம்பினார் என்கிறது அறிக்கை. ஆனா அதோட நிறுத்தல. வானிலை எச்சரிக்கைகள் அவருக்குச் சொல்லப்படவில்லை. விமானத்தின் மூக்கு ஏறுதா இறங்குதா என்பதை அந்தக் கருவி வழக்கத்துக்கு நேரெதிராகக் காட்டும் என்றும் எழுதுகிறது.

'யூசர் எரர்'னு எழுதி டிக்கெட்டை மூடிப் பழகிய எனக்கு, பாட்டை விட இந்த அறிக்கைதான் கனக்கிறது. பழி சொன்ன பிறகும் அது கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை.