திரையில் செவ்வாய், தெருவில் தோசம்

விண்ணை அளந்தவன் வீட்டு வாசலில் சோதிடன் நிற்கின்றான். இன்றைய இந்தியாவை ஒரே சித்திரத்தில் தீட்டுக என்று எவரேனும் கேட்பின், நாம் காட்டக்கூடிய காட்சி இதுதான். அக்காட்சியைத் தீட்டும் அரிய வாய்ப்பு ஒரு திரைப்படத்திற்குக் கிட்டியது. 2019 ஆகஸ்டு 15-இல் வெளிவந்த 'மிஷன் மங்கள்' என்னும் இந்திப் படமே அது. ஜெகன் சக்தி இயக்கியது; அக்ஷய் குமாரும் வித்யா பாலனும் முதன்மை வேடம் ஏற்றது. செவ்வாயைச் சுற்ற இந்தியா அனுப்பிய மங்கள்யான் விண்கலத்தின் கதை. கிட்டிய வாய்ப்பைப் படம் ஆண்டதா, வீணாக்கியதா என்பதே நாம் எழுப்பும் வினா.

நிறையை முதலில் சொல்லுவோம். அடுப்படிக்கும் ஆய்வுக்கூடத்திற்கும் இடையே அல்லாடும் பெண்களை இப்படம் நாயகியராக்கியது. ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் போன்ற பெண் அறிவியலாளர்கள் உண்மையான திட்டத்தில் பொறுப்பேற்றவர்கள். அவர்களைப் போன்றோரைத் திரையில் ஏற்றி, 'இவளாலும் இயலும்' என்று நாட்டுக்கு அறிவித்தது பாராட்டத்தக்கதே.

இனிக் குறைக்கு வருவோம். அத்திட்டத்தின் இயக்குநர் நெல்லைச் சீமையைச் சேர்ந்த சுப்பையா அருணன். நிகழ்ச்சி இயக்குநர் பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. ஆனால் திரையில் அவர்கள் இல்லை. கற்பனைப் பெயர் தாங்கிய நாயகன் ஒருவன் வந்து நிற்கின்றான். கற்பனை கலந்த கதை என்று சொல்லிவிட்டால் கடன் தீர்ந்ததா? உழுதவன் பெயரை மறைத்துவிட்டு அறுவடை விழாக் கொண்டாடுவது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது அறிவியல். அடுப்பை அணைத்த பின்னும் எண்ணெயின் சூட்டில் பூரி வேகின்றது. அதுபோல் எந்திரத்தை அணைத்தணைத்து இயக்கினால் எரிபொருள் மிச்சம் என்கின்றது படம். எளிய உவமைதான். எனினும் உண்மை இதனினும் இனியது. ஒரே மூச்சில் செவ்வாய்க்கு எறியும் ஆற்றல் அந்த ஏவுகலத்திற்கு இல்லை. ஆகவே கலத்தைப் புவியைச் சுற்றவிட்டனர். சுற்றுப்பாதை புவிக்கு மிக அருகே தாழும்போதெல்லாம் எந்திரத்தை இயக்கினர். ஆலமரத்து ஊஞ்சல் தாழ வரும் நொடியில் தள்ளிவிடுகின்றோமே, அது மேலும் மேலும் உயர்கின்றதே, அதே முறை. 2013 நவம்பர் 11-இல் அப்படித் தள்ளிய தள்ளு ஒன்று போதாமற்போயிற்று. கலம் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. அறிவியலார் என் செய்தனர்? கிரகம் பகைத்தது என்று கலங்கினரா? விளக்கேற்றினரா? குறையைக் கணக்கிட்டனர், மறுநாளே மீண்டும் எந்திரத்தை இயக்கி நேர்செய்தனர். செவ்வாய்க்குப் போன கலத்திற்குப் 'பரிகாரம்' கணக்கில் நடந்தது!

2014 செப்டம்பர் 24. புவியிலிருந்து செய்தி போய்ச் சேரவே ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகும் தொலைவு. ஏறத்தாழ முந்நூறு நாள் உறங்கிய எந்திரம் தானே விழித்து, தானே இயங்கி, வேகத்தைத் தணித்துச் செவ்வாயின் பிடியில் அடங்க வேண்டும். அடங்கியது. முதல் முயற்சியிலேயே செவ்வாயைச் சுற்றிய முதல் நாடு என்ற பெயர் இந்தியாவுக்கு வந்தது. செலவு ஏறத்தாழ 450 கோடி ரூபாய். ஆறு திங்கள் உழைக்கவென்று அனுப்பிய கலம் 2022 வரை, ஏழாண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்ந்தது.

படத்தின் பெருங்குறை இவற்றினும் வேறு. செவ்வாய் தோசத்திற்கு அஞ்சும் ஆய்வாளன் ஒருவனைப் படம் காட்டுகின்றது. சர்மன் ஜோஷி அவ்வேடத்தில் வருகின்றார், அரங்கம் சிரிக்கின்றது. செவ்வாய்க்குக் கலம் விடுபவனே செவ்வாய்க்கு அஞ்சுகின்றான் என்பது கூர்மையான கருத்து. ஆனால் அந்தக் கூர்மையைச் சிரிப்போடு மழுக்கிவிட்டனர். ஆணுக்குத் தோசம் என்றால் அது நகைச்சுவை. பெண்ணுக்குத் தோசம் என்றால்?

கல்லணைக் கால்வாயின் கடைமடையாம் பேராவூரணிப் பக்கம் வந்து கேட்கட்டும் படமெடுத்தோர். பெண் படித்திருப்பாள், பண்பிற் குறைவிராது, பார்க்க வந்தவர்க்கும் பிடித்திருக்கும். சாதகக் கட்டத்தில் செவ்வாய் உட்கார்ந்திருக்கும் இடம் பிடிக்காது! 'எங்கள் பையனுக்கு ஆகாது' என்று எழுந்து போவர். தோசமுள்ளவன் கிடைக்கும்வரை அவள் காத்திருக்க வேண்டும். கிடைத்தால் அவன் கேட்பதைக் கொடுக்க வேண்டும். வயது ஏற ஏற நகைக் கணக்கும் ஏறும். இதிலே சிரிக்க என்ன இருக்கின்றது?

தோசத்தின் கணக்கையாவது பார்த்தனரா? இலக்கினத்திலிருந்து இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோசமாம். பன்னிரண்டில் ஐந்து! நாளொன்றுக்குப் பன்னிரண்டு இராசிகளும் இலக்கினமாய் மாறி மாறி வருதலால், பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது தோசக் குழந்தைகள். சந்திரனிலிருந்தும் எண்ணினால் தொகை இன்னும் பெருகும். நாட்டில் பாதிப்பேரைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை எந்த நாகரிக மன்றம் ஏற்கும்?

இதே காவிரிச் சமவெளியில்தான் வைத்தீசுவரன் கோயில் இருக்கின்றது. செவ்வாய்க்குரிய தலமென்று தோசம் நீக்க அங்கே செல்கின்றனர். செல்லும் பெற்றோரை நாம் பழிக்கவில்லை. மகள் வாழ வேண்டுமே என்ற கவலை அவர்களை இழுத்துச் செல்கின்றது. அக்கவலையை விதைத்தவரையே கேட்கின்றோம். ஏவுதலுக்கு முன் விண்கலத்தின் சிற்றுருவைத் திருப்பதியில் வைத்து வழிபடும் வழக்கம் அறிவியல் நிறுவனத்திலேயே இருந்ததன்றோ? அதே 2013 நவம்பரில், பாரத ரத்னா விருதுக்குரியவராக அறிவிக்கப்பட்ட அறிவியலார் சி.என்.ஆர். ராவ், அது மூடநம்பிக்கை என்று வெளிப்படையாகச் சொன்னார். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51-அ பிரிவு சொல்லுகின்றது. மேலே இருப்பவர் கடமை மறந்தால், கடைமடையில் இருப்பவரை நோவதில் பயனென்ன?

கலம் புறப்பட்ட 2013 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை. நற்செயலுக்கு ஆகாத நாளென்று பலர் ஒதுக்கும் அதே கிழமை! புறப்பட்டது, போய்ச் சேர்ந்தது. வேறு நாட்டு ஊர்திகளோ அந்த மண்ணிலேயே உருண்டன. 2004-இல் இறங்கிய அமெரிக்காவின் ஆப்பர்சூனிட்டி, தொண்ணூறு நாள் பணிக்கென்று போய், 2018 வரை 45 கிலோமீட்டர் ஊர்ந்தது. 2021-இல் பெர்சிவரன்ஸ் இறங்கிய ஜெசிரோ பள்ளத்தில், ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆறு ஏரியிலே வண்டல் கொட்டி விரித்த கழிமுகம் காய்ந்து கிடக்கின்றது. ஆம், நமது காவிரி விரித்ததைப் போன்றதொரு கழிமுகம்! பாவக்கோள் என்று பஞ்சாங்கம் பழித்த இடத்தில் பழைய ஆற்றின் தடம்! அதன் செந்நிறம் சினத்தால் வந்ததன்று. துருவேறிய இரும்பு கலந்த மண்ணால் வந்தது.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, அது வரும் வழியை நமக்குக் காட்டியவை வானில் நின்ற துணைக்கோள்கள். சாதகக் கட்டங்கள் அல்ல. அந்த அறிவை உயிருக்கு நம்பினோம். திருமணத்திற்கு மட்டும் ஏன் நம்ப மறுக்கின்றோம்?

படம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது, கேட்கவில்லை. இளைஞர்களே, நீங்கள் கேளுங்கள். அதுவும் பிறர் வீட்டில் அன்று, உங்கள் வீட்டில். உங்களுக்குப் பெண் பார்க்கும் நாளில், 'சாதகம் வேண்டா' என்று முதலில் சொல்ல வேண்டியவர் நீங்களே. பார்க்க வேண்டிய பொருத்தம் கல்வியில் உண்டு; குணத்தில் உண்டு; உடல்நலத்தில் உண்டு; இருவர் உள்ளத்தின் ஒப்புதலில் உண்டு. அந்த ஒரு சொல்லைச் சொல்லும் துணிவு ஊருக்குப் பத்துப் பேருக்கு வந்துவிட்டால், காத்திருக்கும் பெண்களின் வாசலில் நிற்கும் சோதிடன் தானே நடையைக் கட்டுவான்.