போட்டி என்ற பெயரில்

அரச மருத்துவத் திட்டங்களைத் தனியாரிடம் கொடுத்தால் 'போட்டி' வரும், செலவு குறையும் என்ற வாதம் எம்மவர் மத்தியிலும் மிக இலகுவாகச் சொல்லப்பட்டு வருகிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தை வைத்து இதைப் பார்ப்போம்.

வறியவர்களுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில் அங்கு, ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று மாநில அரசு காப்புறுதிக் கொம்பனிகளுக்குக் கொடுத்தது. மருந்துக் கணக்கை அக்கொம்பனிகள் இடைத்தரகுக் கொம்பனிகளிடம் ஒப்படைத்தன. இடைத்தரகர் மருந்துக்கடைக்கு ஒரு விலையைக் கொடுப்பார். காப்புறுதியிடம் அதைவிடக் கூடிய விலையை அறவிடுவார். வித்தியாசம் அவருக்கு. ஒப்பந்தங்கள் இதைத் தடுக்கவில்லை. அரசு கொடுத்த பணத்தில் கடைக்காரர் கைக்கு எவ்வளவு போனது என்று அரசுக்கே தெரியவில்லை.

வாங்கிய விலைகூடக் கிடைக்கவில்லை என்று சிறு மருந்துக்கடைக்காரர்கள் முறையிட்ட பின்னரே விடயம் கிளறப்பட்டது. 2018 இல் மாநிலக் கணக்காய்வாளர் டேவ் யோஸ்ட் வெளியிட்ட அறிக்கையின்படி ஓராண்டில் இந்த வித்தியாசம் மட்டும் 224.8 மில்லியன் டொலர். வர்த்தகப் பெயரற்ற மலிவு மருந்துகளில் அது 31.4 வீதம்! மலிவு மருந்தைப் பாவியுங்கள் என்று ஏழை நோயாளிக்குச் சொல்லப்பட்டது. அந்த மருந்துகளுக்கு அறவிட்டதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இடையில் நின்றவரிடம் தங்கியது.

போட்டி எங்கே? காப்புறுதிக் கொம்பனிகள் ஐந்து. அவற்றில் நான்கிற்கு இடைத்தரகர் ஒரே சி.வி.எஸ். சொந்தமாகப் பெரும் மருந்துக்கடைச் சங்கிலி வைத்திருப்பவரும் அவரே. பக்கத்துக் கடைக்காரருக்கு என்ன விலை கொடுப்பது என்று அவருடைய போட்டியாளரே தீர்மானித்தார். மாநிலம் செய்வித்த இன்னோர் ஆய்வு முழுமையாக வெளிவருவதைத் தடுக்க, 'வணிக இரகசியம்' என்று நீதிமன்றம் போனதும் இதே கொம்பனிதான். பொதுப்பணத்தில் யாருடைய இரகசியம்?

மருந்தும் சிகிச்சையும் ஒரே காப்புறுதியின் பொறுப்பில் இருந்தால் நோயாளியைச் சுகமாக வைத்திருப்பதே அதற்கு இலாபம் என்பார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்த இலாபக் கணக்கு, மருந்தின் உண்மை விலை தெரிந்தால்தான் போடக்கூடிய கணக்கு.

யோஸ்ட் பின்னர் சட்டமா அதிபராகி வழக்குத் தொடுத்தார். 2021 இல் சென்ரீன் என்ற காப்புறுதிக் கொம்பனி, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 88 மில்லியன் டொலர் கொடுத்துச் சமரசம் செய்தது. 2022 ஒக்ரோபரில் மாநிலம் தானே நியமித்த ஒரு நிர்வாகி பணியைத் தொடங்கியது. அதுவும் தனியார் கொம்பனிதான். ஆனால் மருந்துக்கடைக்கு என்ன கொடுத்ததோ அதையே கணக்கில் காட்டவேண்டும்.