கறை படியாத மண்

கொலை நடந்த வீட்டிலிருந்து இன்ஸ்பெக்டர் எடுத்துவரும் பொருட்களில் இரண்டு சிறு பொட்டலங்கள் அநேகமாகத் தவறாமல் இருக்கும். ஒன்றில் ரத்தக்கறை படிந்த மண். மற்றொன்றில் அதே இடத்துக்குச் சற்றுத் தள்ளி அள்ளிய, கறை படியாத மண். சிமெண்ட் தரை என்றால் பெயர்த்தெடுத்த இரண்டு துண்டுகள். மகஜரில் இரண்டுக்கும் தனித்தனி வரி உண்டு. அந்த இரண்டாவது வரியின்மேல் எனக்குத் தனி மதிப்பு. எதுவுமே நடக்காத ஓர் இடத்தின் ஒரு பிடி மண்ணைக் கட்டி, முத்திரையிட்டு, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஆய்வகத்தில் தெரியவருவது கறையின் குணமா, தரையின் குணமா என்று பிரித்துச் சொல்ல இதுவும் வேண்டும்.

இந்தக் கவனம் முழு உருவில் தெரியும் இடம் வழக்கு நாட்குறிப்பு. ஸ்டேஷனில் ‘சி.டி. ஃபைல்’ என்பார்கள். புலன் விசாரணை செய்யும் அதிகாரி அன்றன்றைக்கு எழுத வேண்டியது. தகவல் எத்தனை மணிக்கு வந்தது, விசாரணையை எப்போது தொடங்கினார், எப்போது முடித்தார், எங்கெங்கே போனார், என்ன தெரியவந்தது என்று சட்டமே கேட்டு வாங்குகிறது. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 172-ஆம் பிரிவு. 1973-இல் வந்த சட்டத்திலும் அதே எண். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 192. எண் மாறியிருக்கிறது, அந்தக் கேள்விகள் அப்படியே இருக்கின்றன.

ஒரு செயின் பறிப்பு வழக்கை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் குறிப்பு இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘19.30 மணிக்கு வாதி நிலையத்தில் ஆஜராகிக் கொடுத்த புகாரைப் பெற்று வழக்குப் பதிவு செய்தேன். 20.15 மணிக்குப் புறப்பட்டு, 20.30 மணிக்குச் சம்பவ இடம் சேர்ந்தேன்.’ இந்த மூன்று நேரங்களும் சும்மா வந்தவை இல்லை. பின்னாளில் குறுக்கு விசாரணையில் வக்கீல் முதலில் தொடுவது இவற்றைத்தான். கொலை போன்ற பெரிய வழக்குகளில் உடனடியாகத் தமக்கு அனுப்பப்படும் ‘எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்.’ எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று மாஜிஸ்திரேட் தம் கையாலேயே அதன்மேல் குறித்துக் கையெழுத்திடுவார். போலீஸ் எழுதிய நேரத்துக்கு வெளியாள் ஒருவரின் நேரம் சாட்சியாக நிற்கும்.

அடுத்து பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும். தெற்கு வடக்காகப் போகும் தார் ரோடு, அதன் மேற்கே கிழக்குப் பார்த்த வீடு, வீட்டு வாசலிலிருந்து பத்தடி தூரத்தில் மின்கம்பம், அதில் எரியும் தெருவிளக்கு. வரைபடம் என்னவோ பள்ளிப் பிள்ளை போட்டது போலத்தான் இருக்கும். ஆனால் அந்த விளக்கைப் பாருங்கள். இரவில் நடந்த குற்றத்தில் ‘ஆளை அடையாளம் தெரிந்தது’ என்று சாட்சி சொன்னால், எந்த வெளிச்சத்தில் என்ற கேள்வி வரும். அன்றிரவு அண்ணாந்து பார்த்து விளக்கு எரிகிறதா என்று எழுதி வைத்தவரிடம் பதில் இருக்கும். வழக்கு நிற்பதும் விழுவதும் சில சமயம் அந்த ஒரு வரியில்.

நடையில் அடைமொழி கிடையாது. ‘கொடூரமான’, ‘துணிகரமான’ எல்லாம் பத்திரிகைக்காரர்கள் சேர்ப்பது. இங்கே வினைச்சொற்கள்தான் வரிசைகட்டி வரும்: பார்வையிட்டேன், தயாரித்தேன், கைப்பற்றினேன், விசாரித்தேன். செய்தவர் யார் என்பது ஒவ்வொரு வினையின் கடைசியிலும் ஒட்டியிருக்கிறது. பொறுப்பிலிருந்து நழுவ இடமே இல்லாத தன்மை ஒருமை.

என் மனம் அதிகம் தங்குவது மூன்றாம் நாள், ஏழாம் நாள் பக்கங்களில்தான். முதல் நாளின் பரபரப்பு அடங்கிவிட்டது. ஆள் கிடைக்கவில்லை. அன்றைய குறிப்பு இப்படி இருக்கலாம்: ‘10.00 மணிக்குக் கடைவீதியில் உள்ள அடகுக் கடைகளில் விசாரித்தேன். பறிபோன செயினை ஒத்த நகை எதுவும் வரவில்லை என்றார்கள். 12.30 மணிக்கு பெட்ரோல் பங்க்கின் சிசிடிவி பதிவைப் பார்த்தேன். கேமரா பம்பை நோக்கி உள்ளது, ரோடு பதிவாகவில்லை. 13.10 மணிக்கு அன்றைய விசாரணையை முடித்தேன்.’

துப்பு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் எத்தனை நேர்த்தி! ‘நகை வரவில்லை’ என்று அவர் எழுதவில்லை, ‘வரவில்லை என்றார்கள்’ என்று எழுதினார். கேட்டது அது. கேமராவைப் பற்றிய வரியில் ‘என்றார்கள்’ இல்லை, ஏனென்றால் அதை அவரே பார்த்தார். கேட்டதையும் கண்டதையும் ஒரு சொல்லால் பிரித்துவிட்டார். நாளை வேறொரு அதிகாரி இந்த ஃபைலை வாங்கிப் படித்தால் அந்த பெட்ரோல் பங்க்குக்கு மறுபடி போக வேண்டாம், அடகுக் கடைக்கு வேண்டுமானால் இன்னொரு முறை போகலாம் என்று தெரிந்துகொள்வார். கிடைக்காததையும் இவ்வளவு துல்லியமாக எழுத முடியும் என்பதுதான் இந்த எழுத்தின் உச்சம்.

இதோடு ஒப்பிட வேண்டியது எல்லோருக்கும் தெரிந்த அந்த வாசகம்: ‘எதிரிகளைத் தேடி வருகிறேன். வழக்கு புலன் விசாரணையில் இருந்து வருகிறது.’ தேடிய இடம் இல்லை, நேரம் இல்லை, கேட்ட ஆள் இல்லை. நேற்றைய பத்தியை இன்றைய தேதியின் கீழ் அப்படியே ஒட்டக் கணினியில் ஒரு நொடி போதும். இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த வரிக்குப் பின்னால் தாலிச் செயினைப் பறிகொடுத்த ஒரு பெண் காத்திருக்கிறார்.

உச்ச நீதிமன்றத்துக்கும் இந்தக் கோபம் வந்தது. திருமணமான சில மாதங்களில் தீயில் கருகி இறந்த மகளுக்காக டெல்லி போலீஸை எதிர்த்து ஒரு தந்தை தொடுத்த வழக்கு அது. நாட்குறிப்பை உடனுக்குடன், போதிய விவரத்துடன், கால வரிசையில், பாரபட்சமில்லாமல் எழுத வேண்டும் என்று 1983-இல் நீதிபதிகள் அழுத்திச் சொன்னார்கள். நாட்குறிப்பைப் பக்க எண்ணிட்ட தொகுதியாக வைக்க வேண்டும் என்ற திருத்தம் 2009-இன் கடைசி நாளில் நடப்புக்கு வந்தது. நடுவில் ஒரு தாளை உருவவோ செருகவோ பக்க எண் விடாது.

இத்தனை பாடுபட்டு எழுதியது சாட்சியமாக ஏற்கப்படாது என்பது இதன் தனிச்சிறப்பு. நீதிமன்றம் வரவழைத்துப் பார்க்கலாம், உண்மையை அறியத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எதிரிக்குக் கேட்டுப் பெறும் உரிமை இல்லை. ஆனால் கூண்டில் நிற்கும் அதிகாரி தம் நினைவைப் புதுப்பிக்க அதைப் புரட்டினால், புரட்டிய பகுதி எதிர்த்தரப்புக்கும் திறந்துவிடும். யாராவது படிப்பார்களா என்று தெரியாமலே, படித்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற நினைப்போடு எழுதும் எழுத்து இது.

முடிவு அறிக்கையிலும் சொல் நுட்பம் உண்டு. குற்றப்பத்திரிகை போட்டால் சரி. போடாமல் முடிக்கும்போது ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்றால் புகாரில் சொன்ன குற்றமே நடக்கவில்லை என்று பொருள். ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்றால் குற்றம் நடந்தது உண்மை, ஆள்தான் சிக்கவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ‘கேஸ் முடிந்தது’ என்றே தோன்றும். புகார் கொடுத்தவருக்கோ முதலாவது அவர் சொல்லையே மறுக்கிறது, இரண்டாவது அதை ஏற்றுக்கொள்கிறது. புதிய தடயம் வந்தால் மேல் விசாரணைக்குச் சட்டத்தில் வழியும் இருக்கிறது. எதிரி மேல் வழக்கு வேண்டாம் என்று அறிக்கை போனால், அதை ஏற்பதற்கு முன் மாஜிஸ்திரேட் புகார்தாரருக்குத் தகவல் அனுப்பி அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அதே தந்தையின் வழக்கில்தான் 1985-இல் உச்ச நீதிமன்றம் இதையும் நிலைநாட்டியது.

நீங்கள் கொடுத்த புகார் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் நிலுவையில் இருந்தால் ஒன்று செய்யுங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 193-ஆம் பிரிவு சொல்கிறது. குற்ற எண்ணைக் குறிப்பிட்டு, எழுத்தில் கேளுங்கள். ‘தேடி வருகிறோம்’ என்று மட்டும் பதில் வந்தால், எங்கே தேடினீர்கள் என்று மறுபடியும் கேளுங்கள்.