செவிக்கு இட்ட பூட்டு

வேதம் ஓதுவதைச் சூத்திரன் கேட்டுவிட்டால், அவன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றுக என்று விதித்தது கௌதம தர்ம சூத்திரம். இதனை மேடைதோறும் சொல்லியிருக்கிறோம். கேட்டவர் கொதித்தெழுந்ததையும் கண்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கொடிய விதிக்குள் ஓர் உண்மை ஒளிந்திருப்பதை எண்ணிப் பார்த்தோமா? ஏட்டைத் தொடாதே என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. கேளாதே என்றும் சொன்னார்கள். எழுத்தறியாதவனும் செவி வழியே அறிவு பெறுவான், அறிவு பெற்றவன் அடங்கிக் கிடக்கமாட்டான் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். நாம் அறிந்திருக்கிறோமா? பாட்டாளிகளின் போர்ப்பாடல்களைக் குரலில் பதிந்து, ஒலிநூல்களாக்கி, விலையின்றி வழங்கும் தொண்டினை மதிப்பிடப் புகும்போது, இந்தக் கேள்விதான் முன்னே வந்து நிற்கிறது.

தொண்டு பெரிது, ஐயமில்லை. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல பகுதிகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றி உழைத்து, நம் நூல்களைக் கணினியில் ஏற்றினர். 2005-இல் மாண்ட்ரீல் நகரில் ஹியூ மெக்குவயர் தொடங்கிய லிப்ரிவாக்ஸ், அதே தொண்டினைக் குரலுக்குச் செய்தது. காப்புரிமை நீங்கிய நூலை எவரும் எடுத்துப் படிக்கலாம். குரல் தேர்வு இல்லை, பட்டம் கேட்பதில்லை, பதிந்ததன்மீது படித்தவரும் உரிமை கொண்டாடுவதில்லை. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டர் நகரின் திடலில் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. ஏறத்தாழ 18 பேர் மாண்டனர். அதனைக் கேள்வியுற்ற ஷெல்லி பாட்டொன்று எழுதி அனுப்பினார். அதை உடனே வெளியிட எவருக்கும் துணிவு வரவில்லை. கவிஞர் 1822-இல் மறைந்து, பத்தாண்டு கழித்து, 1832-இல்தான் அது அச்சேறிற்று. அன்று அச்சுக்கே அஞ்சிய அந்தப் பாட்டை இன்று எவரும் காசின்றிக் காதால் கேட்கலாம். இதை வாழ்த்தாமல் இருக்க நம்மால் இயலாது.

பிறப்பினால் இட்ட பூட்டு அது என்றால், பணத்தினால் இட்ட பூட்டும் நம் நாட்டில் இருந்தது. அந்தக் கதை நெல்லைச் சீமையோடு தொடர்புடையது. பாரதியிடம் நமக்கு உடன்பாடில்லாதவை உண்டு. வேதப் பெருமையும் ஆரியப் பெருமையும் பேசிய இடங்களை நாம் மறைத்துப் பேசவேண்டியதில்லை. ஆயினும், எட்டயபுரத்தில் பிறந்து, நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்ற அந்தக் கவிஞனின் பாட்டுக்கு நேர்ந்ததை அறிந்தால், எந்தப் பகுத்தறிவாளனும் பதறுவான். அச்சிடும் உரிமை ஓரிடத்தில் இருக்க, அந்தப் பாடல்களை ஒலிக்கச் செய்யும் உரிமை, அதாவது இசைத்தட்டுக்கும் ஒலிபரப்புக்குமான உரிமை, தனியே விலை போயிற்று! நகைக் கடையார் ஒருவர் அதனை 450 ரூபாய்க்கு வாங்கினார். அவரிடமிருந்து ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய்க்குப் பட முதலாளி ஏ.வி. மெய்யப்பர் வாங்கினார். 1947-இல் வெளிவந்த அவரது 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டு முழங்கிற்று, நாடே மகிழ்ந்தது. 1948-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்கணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோதோ, உரிமை யாருடையது என்று வழக்கு வந்தது. மறைந்த கவிஞனின் பாட்டை வாயால் பாடுவதற்கு ஒரு தனி மனிதரிடம் ஒப்புதல் கேட்கவேண்டும் என்னும் நிலை!

எழுத்தாளர்கள் கிளர்ந்தனர். நாரண. துரைக்கண்ணன் முதலானோர் திருநெல்வேலிக்கு வந்து, செல்லம்மாளைக் கண்டு, அவர் ஒப்புதலைப் பெற்றுச் சென்றனர். 1949-இல் அரசு உரிமையை ஏற்றது. மெய்யப்பர் தம்மிடமிருந்த ஒலி உரிமையை ஈடு எதுவும் பெறாமலே விட்டுக்கொடுத்தார். 1950-களின் நடுவில் அது மக்கள் உடைமையாயிற்று. பின்னாளில் புரட்சிக்கவிஞர் பாரதிதாசன், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் ஆகியோரின் படைப்புகளும் நாட்டுடைமையாயின. 29 வயதில், 1959-இல் மறைந்த பட்டுக்கோட்டையாரின் வரிகளை இன்று எவரும் படித்துப் பதியலாம். தடுக்கச் சட்டமில்லை. இரண்டாவது பூட்டும் உடைந்தது.

பிறகு ஏன் பாட்டாளியின் காதுக்குப் பாட்டு எட்டவில்லை? மூன்றாவது பூட்டு ஒன்று இருக்கிறது. அதன் சாவி நம்மிடமே இருக்கிறது என்பதுதான் நாம் சொல்ல வந்தது.

நம் இயக்கத்தின் படிப்பகங்களை நினைவுகூர்வோம். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒரே ஓர் ஏடு இருக்கும். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பலர் சூழ்ந்திருந்து கேட்பார்கள். இடையில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், படிப்பவர் விளக்குவார், வேறொருவர் மறுப்பார். படிப்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே மேடை இல்லை; ஒரே விசிப்பலகைதான்.

கடல் கடந்தும் இவ்வாறு நடந்தது. 1865-இல் கியூபா நாட்டின் அவானா நகரில், சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை நடக்கும்போதே ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து நூல் படிக்கும் வழக்கம் தோன்றிற்று. கைகள் புகையிலையைச் சுற்றின. காதுகள் நூலைக் கேட்டன. படிப்பவருக்கு ஊதியம் தந்தவர் முதலாளி அல்லர். தொழிலாளர்களே தம் கூலியிலிருந்து தந்தனர். எதைப் படிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தனர். மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சியாளர் அதற்குத் தடை விதித்தார். வழக்கமோ அழியவில்லை, அமெரிக்காவின் டாம்பா நகருக்கும் சென்றது. 1931-இல் அங்கே முதலாளிகள் படிப்பவரை வெளியேற்றினர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வுக்காக அன்று, தாம் கேட்கும் உரிமைக்காக!

இதனைப் படிக்கும்போது நம் கண்முன் வருவது எது? முக்கூடலும் மேலப்பாளையமும் கடையமும் அல்லவா! பொருநைக் கரை ஊர்களில், வீட்டுத் திண்ணைதோறும், மடியில் தட்டை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரத்துக்கு இத்தனை என்று கூலி. கண்ணும் கையும் இலையில். காதோ ஓய்வாக இருக்கிறது. பாட்டாளிக் கவிதையின் ஒலிநூல் முதலில் சென்று சேரவேண்டிய இடம் இதைவிட வேறு உண்டா?

ஒரு மாலை, அப்படி ஒரு திண்ணைக்கு நாம் சென்றோம். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய நம் பெண்களைப் பற்றிப் பாரதி பாடிய பாட்டின் பதிவொன்றைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டோம். படித்தவர் நல்ல குரலுடையவர். சொற்களில் பிழை இல்லை. ஆனால் ஒவ்வோர் அடியையும் மாநாட்டுப் பந்தலில் முழங்குவதுபோல முழங்கினார். முடியுமுன் ஒரு மூதாட்டி கேட்டார்:

"இவிய எதுக்குத் தம்பி இப்படிச் சத்தம் போடுதாவ? அழுத பொம்பளையப் பத்தித்தான சொல்லுதாவ? பக்கத்துல உக்காந்து சொன்னா நாங்க கேக்க மாட்டமா?"

நாம் பல ஏடுகளில் படித்த திறனாய்வுகளைவிட இந்த மூன்று கேள்விகள் மேலானவை என்று துணிந்து சொல்வோம். நாம் கேட்ட தமிழ்ப் பதிவுகளில் பெரும்பாலானவற்றின் குறை இதுதான். சிலர் வானொலிச் செய்தி போலப் படிக்கிறார்கள். அதில் துயரம் இல்லை. சிலர் மேடைபோல முழங்குகிறார்கள்; அதில் துயரப்பட்டவர் இல்லை, முழங்குபவரே இருக்கிறார். பின்னணி இசையைப் பெருக்கிச் சொல்லையே மூழ்கடிப்போரும் உண்டு. பாட்டாளியின் பேச்சு பிழைபட்ட பேச்சு, அதைத் திருத்திப் படித்தால்தான் இலக்கியம் என்னும் எண்ணம் இக்குரல்களின் அடியில் கிடக்கிறது. வடமொழி உச்சரிப்பை வைத்து நம்மை அளந்தவர்களை எதிர்த்த நாமே, மேடைத் தமிழின் உச்சரிப்பை வைத்து நம் தாய்மாரை அளப்பதா? இதுவே மூன்றாவது பூட்டு.

அந்தத் திண்ணையில் அதன்பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண், தட்டைச் சற்றே நகர்த்தி வைத்துவிட்டு, அச்சுப் புத்தகத்தை வாங்கி அதே பாட்டை மெல்லப் படித்தார். சில சொற்களில் தடுக்கினார், திரும்பப் படித்தார். எவரும் சிரிக்கவில்லை. பிஜி எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். 1879 முதல் 1916 வரை, ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்குக் கப்பலேற்றப்பட்ட கதையைச் சொன்னோம். அந்த மூதாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம மாஞ்சோலைக்கு ஆள் புடிச்சிட்டுப் போனாவள்ளா, அது மாதிரியா?" என்றார்.

நல்ல கவிதை நல்லபடி காதில் விழுந்தால் என்ன செய்யும் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டுமோ? பிஜித் தீவைக் கேட்டவர் தம் ஊர் மலையைக் கண்டார். அந்த ஒரு சொல் நம்மை இன்னொரு கேள்வியின்முன் நிறுத்திற்று. எந்தப் பாட்டைப் பதிவது என்பதே அது.

1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் சிறைப்பட்ட தோழர்களின் விடுதலையும் கேட்டு, நெல்லைக் கொக்கிரகுளத்திலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தார்கள். காவல்துறை தடியடி நடத்திற்று. அஞ்சி ஓடியவர்கள் தாமிரபரணியில் இறங்கினர். அங்கும் அடி விழுந்தது. 17 பேர் மாண்டனர். அவர்களுள் கைக்குழந்தையும் ஒன்று. மான்செஸ்டர்த் திடலுக்கும் கொக்கிரகுளத்துக்கும் 180 ஆண்டு இடைவெளி. வேறு வேறுபாடு என்ன? ஒன்று உண்டு. அன்று மான்செஸ்டரில் ஆண்டது ஏழையின் பெயரைச் சொல்லி வந்த அரசு அன்று. 1999-இல் இங்கே ஆண்டது நம் இயக்கத்தின் வழிவந்த அரசு!

இதை எழுதும்போது நம் கை நடுங்காமல் இல்லை. ஆனால் எழுதாவிட்டால் பகுத்தறிவு என்னும் சொல்லை நாம் எடுத்தாளக் கூடாது. மான்செஸ்டர்ப் பாட்டைப் பதிவது எளிது. பிஜிப் பாட்டைப் பதிவதும் எளிது. பகைவன் தொலைவில் இருக்கும்போது புரட்சி பேசுவதில் இடர் ஏது? நம் ஆற்றங்கரையின் பாட்டைப் பதியத் துணிவு உண்டா என்பதே ஒலிநூல் தொண்டுக்கான உரைகல். கீழ்வெண்மணியில் 1968-இல் எரிந்த 44 உயிர்களை நினைத்து இன்குலாப் எழுதிய பாட்டு, கே.ஏ. குணசேகரனின் குரலில் ஊர் ஊராகச் சென்றது. அந்தக் குரல் யாரையும் விலக்கிப் பாடவில்லை, எவருக்கும் அஞ்சியும் பாடவில்லை. ஆகவேதான் அது நின்றது.

இங்கே காப்புரிமைச் சட்டத்தையும் நினைவில் கொள்ளவேண்டும். நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்தபிறகே அவர் நூல் பொதுவாகும். இன்குலாப் மறைந்தது 2016-இல். காப்புரிமை நீங்கியதை மட்டுமே பதிவோம் என்றிருந்தால், நேற்றைய கண்ணீரை நம் பேரப்பிள்ளைகள்தாம் கேட்பார்கள். வாழும் கவிஞர்களிடமும், மறைந்தவர்களின் குடும்பத்தாரிடமும் நேரில் சென்று ஒப்புதல் கேட்போம். செல்லம்மாளைத் தேடி நெல்லைக்கு வந்தவர்கள் காட்டிய வழி அது.

அச்சேறாத பாட்டுக்கோ ஒப்புதல் தரவேண்டியவர் பாடுபவரே. நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை, ஊர் ஊராக ஆர்வலர்களைக் கொண்டு உழவரும் கூலியாட்களும் பாடிய பாடல்களைத் திரட்டினார். நெல்லை ஆய்வுக்குழுவை அமைத்தார். அவர் கொள்கை பொதுவுடைமை, நமது வேறு. அதற்காக அந்த உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடமாட்டோம். அவர் காலத்தில் பாட்டைத் தாளில் ஏற்றுவதே அரும்பாடு. சொல் வந்தது, குரல் வரவில்லை. இன்று குரலையும் கொண்டுவரும் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது.

1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட நிலம் மாஞ்சோலை. குத்தகை முடியுமுன்னரே, 2024-இல், தோட்ட நிறுவனம் தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு அறிவித்தது. நாலுமுக்கிலும் ஊத்திலும் குதிரைவெட்டியிலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் மலையை விட்டு இறங்கவேண்டியவராயினர். மக்கள் சிதறினால் அவர்கள் பாட்டும் சிதறும். அச்சில் ஏறாத பாட்டு, பாடிய வாயோடு போய்விடும்.

ஆகவே, தோழர்களே, ஒலிநூல் தொண்டில் ஈடுபடும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது சுருக்கமானது. படிக்கத் தொடங்குமுன் யாருக்காகப் படிக்கிறோம் என்று எண்ணுங்கள். முழங்காதீர்கள், பக்கத்தில் அமர்ந்து சொல்லுங்கள். பீடித் தட்டின்முன் இருப்பவரையும் கொழுந்து பறித்தவரையும் கேட்பவராக மட்டும் வைக்காதீர்கள். படிப்பவராகவும் பாடுபவராகவும் அழையுங்கள். அவர் தடுக்கினால் தடுக்கலோடே பதியுங்கள். எதைக் கேட்கவேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும். அவர் கேட்பது நமக்குக் கசந்தாலும் பதியுங்கள்.

காதில் ஈயம் ஊற்றச் சொன்னவர்களை எதிர்த்து எழுந்தது நம் இயக்கம். கொக்கிரகுளத்துப் பாட்டு ஒலிக்கும்போது நாமே நம் காதுகளைப் பொத்திக்கொள்வோமானால், ஈயத்துக்கு இனி வேலை இல்லை.