ஆய்வுக் களஞ்சியங்களும் தோட்டப் பள்ளி ஏடுகளும்

தமிழாய்வின் வளர்ச்சிக்கு இன்று பெருந்துணையாக விளங்குவன பல்கலைக் கழகங்களின் மின்னியல் களஞ்சியங்களாகும். முன்பெல்லாம் ஓர் ஆய்வேட்டைக் காண விரும்பினால் கோலாலம்பூருக்குச் சென்று, நூலகத்தாரிடம் இசைவு பெற்று, அங்கேயே அமர்ந்து குறிப்பெடுத்தல் வேண்டும். இன்றோ காப்பாரில் உள்ள ஆசிரியர் தம் இல்லத்திலிருந்தே பல ஆய்வேடுகளைப் படிக்கலாம். இவ்வசதியைப் போற்றுதல் நம் கடன். ஆயினும், போற்றுதலோடு நின்றுவிட்டால் அது திறனாய்வு ஆகாது. இக்களஞ்சியங்களில் எவை இருக்கின்றன? எவை இல்லை? இருப்பவற்றைத் தமிழில் தேடிக் காண இயலுமா? இம்மூன்று வினாக்களையும் எழுப்பிப் பார்த்தல் வேண்டும்.

முன்னோர் இட்ட அடிப்படை

தொகுத்தலே ஆய்வின் முதற்பணி என்பதை இந்நாட்டில் உழைத்த அறிஞர்கள் நன்குணர்ந்திருந்தனர். 1961-ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக் கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்ற தனிநாயக அடிகளார், 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற முன்னின்று உழைத்தார். அதே ஆண்டில், தமிழியல் பற்றிய நூல்களுக்கு வழிகாட்டும் பட்டியல் ஒன்றையும் பதிப்பித்து வெளியிட்டார். 1969-இல் இராம. சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் திரட்டி, 'தமிழ் மலேசியானா' என்னும் பட்டியலாக்கினார். அதனை மலாயாப் பல்கலைக் கழக நூலகம் வெளியிட்டது. மாநாட்டின் புகழை நாம் அறிந்த அளவுக்கு இப்பட்டியல்களின் அருமையை அறிந்தோமில்லை. பட்டியலில் ஏறாத நூல், காலப்போக்கில் பிறவாத நூலாகவே எண்ணப்பட்டுவிடும் அன்றோ?

கிடைக்கும் செல்வம்

இன்றைய களஞ்சியங்களின் வளம் வியப்புக்குரியது. மலாயாப் பல்கலைக் கழகம் தன் மாணவரின் ஆய்வேடுகளை மின்வடிவில் தொகுத்து வைத்துள்ளது. 'தமிழ்ப் பேராய்வு' என்னும் ஆய்விதழையும் இணையத்தில் வெளியிடுகிறது. தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக் கழகத்தின் களஞ்சியமும் ஆசிரியருக்குப் பயன்படுவது. இந்தியாவின் 'சோத்கங்கா'விலோ, சங்க இலக்கியம் முதல் சிறுகதை வரை, தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளே மிகப் பல. இலக்கணம், வரலாறு, நாட்டார் வழக்கு, கற்பித்தல் முறை எனத் துறைகள் விரிந்து செல்கின்றன.

ஆனால் இச்செல்வத்தில் ஒரு குறை உண்டு. இங்குப் பேணப்படுவன பெரும்பாலும் பட்டத்திற்காக எழுதப்பட்டவையும் ஆய்விதழில் இடம் பெற்றவையுமே. தோட்டப் பள்ளியின் வெள்ளிவிழா மலர், தலைமையாசிரியரின் நாட்குறிப்பேடு, பெற்றோர் சங்க அறிக்கை, கோயில் திருப்பணி மலர், பயிற்சி ஆசிரியரின் செயலாய்வு ஆகியவற்றை இங்குக் காண்பது அரிது. ஆய்வாளர் எழுதியது காக்கப்படுகிறது; ஆய்வுக்கு மூலமாக வேண்டியதோ அலமாரியில் கறையானுக்கு இரையாகிறது.

இதனால் விளையும் கேட்டை நம் வட்டார வரலாறே காட்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு, துரையைக் கண்டு மிதிவண்டியினின்று இறங்கும் இழிவினின்று விடுதலை ஆகியவற்றையும் கேட்டனர். மே மாதத்தில் அவர்தம் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. இதனைப் பற்றி ஆய்ந்தோர் பெரிதும் குடியேற்ற அரசின் கோப்புகளையே துணைக்கொண்டனர். அதிகாரிகள் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று கேட்ட தாய் தந்தையரின் சொல்லோ, அன்று அத்தோட்டங்களில் கற்பித்த ஆசிரியரின் குறிப்போ நமக்கு எளிதில் கிட்டுவதில்லை. ஒரு பக்கத்துச் சான்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதும் நிலைக்கு வரலாற்றாசிரியர் தள்ளப்படுகின்றார்.

தேடினும் கிட்டாமை

இருப்பனவற்றைக் கண்டெடுப்பதிலும் இடர் உண்டு. தமிழ் ஆய்வேட்டின் தலைப்பைப் பல வேளைகளில் உரோமன் எழுத்தில் பதிகின்றனர். திருக்குறள் என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். முதலெழுத்தை 'எச்' சேர்த்து எழுதுவாரும் உளர், சேர்க்காதாரும் உளர். நடுவில் வரும் ககரத்தை ஒற்றையாக எழுதுவாரும் உளர், இரட்டிப்பாரும் உளர். ஒரு வடிவில் தேடுவோர்க்கு மற்றொரு வடிவில் பதிந்தது தோன்றாது. தமிழ் எழுத்தில் தேடினால் ஒன்றுமே தோன்றாமலும் போகும். யூனிகோடு முறை பரவுமுன் பழைய எழுத்துருக்களில் அச்சிட்ட ஆய்வேடுகளின் நிலையும் இதுவே. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்குப் பொருளற்ற குறிகளாகவே படும். பூட்டிய அறையில் விளக்கேற்றி என்ன பயன்?

செய்து காட்டியோர்

இவை தீராக் குறைகள் அல்ல. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவ்விழப்பை அறிந்த ஈழத்தமிழர் 2005-இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். அதில் பேரிலக்கியத்தோடு பள்ளி மலரும் நினைவு மலரும் சிற்றிதழும் ஒப்ப மதிக்கப்படுகின்றன. சிங்கப்பூர்த் தமிழரோ 1965 முதல் அரை நூற்றாண்டுக் காலத்தில் வெளிவந்த இலக்கிய நூல்களைத் தேசிய நூலகத்தின் துணையோடு மின்வடிவாக்கி, 2015-இல் நாட்டுக்கு வழங்கினர். பொதுமக்களின் கை சேர்ந்தமையாலன்றோ இவை நிறைவேறின!

நம் கடமை

1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பன ஏறத்தாழ 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோதும் மூடப்பட்ட, இணைக்கப்பட்ட பள்ளிகளின் ஏடுகள் எங்குச் சென்றன? பள்ளி இடம் மாறும் நாளில் மேசையும் நாற்காலியும் கணக்கெடுத்து ஏற்றப்படுகின்றன. பழைய ஏடுகளைக் கணக்கெடுப்பார் யார்?

பல்கலைக் கழகங்கள் ஒவ்வொரு தலைப்பையும் தமிழ் எழுத்திலும் பதிதல் வேண்டும். பட்டம் சாராத ஏடுகளுக்கும் இடந்தருதல் வேண்டும். தலைமையாசிரியர்களோ, தம் பள்ளியிலுள்ள பழைய மலர், அறிக்கை, நிழற்படம் ஆகியவற்றுக்கு ஆண்டும் இடமும் எழுதியோர் பெயரும் குறித்து ஒரு பட்டியல் ஆக்குதல் வேண்டும். உரியவரின் இசைவு பெற்று மின்படி எடுத்துப் பல்கலைக் கழகத்துக்கோ தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ அளிக்கலாம். மாணவர் சேர்க்கைப் பதிவேடு போன்றவற்றில் குடும்பங்களின் தனிச் செய்திகள் இருத்தலின், அவற்றைப் பொதுப்பார்வைக்கு வையாது காத்தலே முறை.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு பள்ளி விடுமுறையில் இரண்டு ஆசிரியர் முனைந்தால் ஒரு பள்ளியின் பட்டியல் முடிந்துவிடும். அறிஞர்கள் ஒரு நாட்டின் தமிழ் நூல்களையே பட்டியலிட்டுத் தந்தனர். நாம் நம் பள்ளியின் ஓர் அலமாரியையேனும் பட்டியலிடுவோமாக.